ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது

அறுவைச் சிகிச்சை என்றாலே பயமெல்லாம் ஆபரேஷன் தியேட்டரின் மேல்தான். மருத்துவர் வெளியே வந்து "நல்லபடியாக முடிந்தது" என்று சொன்னதும், கண்டம் கழிந்தது என்று குடும்பமே மூச்சு விடும். எண்கள் சொல்வது வேறு. இதயம் தவிர மற்ற உறுப்புகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 40,004 பேரை 14 நாடுகளில் 28 மையங்களில் 30 நாள் வரை தொடர்ந்து பார்த்தது விஷன் என்ற ஆய்வு. அதன் மரணக் கணக்கு 2019இல் வெளியானது. இறந்தவர்கள் 715 பேர். அவர்களில் தியேட்டருக்குள் இறந்தவர்கள் ஐந்தே பேர். 500 பேர் ஆபரேஷன் முடிந்து அதே மருத்துவமனையில் இருந்தபோது இறந்தார்கள். மீதி 210 பேர் டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு.

தியேட்டர் இவ்வளவு பாதுகாப்பானது தானாக நடந்துவிடவில்லை. மயக்க மருந்து மட்டுமே காரணமான மரணங்கள் 1970க்கு முன் பத்து லட்சத்துக்கு 357 ஆக இருந்தன. 1990களிலும் 2000களிலும் அது 34 ஆக இறங்கியது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி, மயக்க மருத்துவர் ஒருவர் நொடிக்கு நொடி பக்கத்திலேயே இருப்பது என்று பலவும் சேர்ந்து செய்த வேலை அது. அதே நோயாளி வார்டுக்கு வந்ததும், அவருடைய நாடித்துடிப்பை யாராவது ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதே பல இடங்களில் பெரிய விஷயம். மரணம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டதில் வியப்பில்லை.

உலக அளவில் ஆண்டுக்குக் குறைந்தது 42 லட்சம் பேர் அறுவைச் சிகிச்சை முடிந்த 30 நாளுக்குள் இறக்கிறார்கள் என்பது 2019இல் வந்த மதிப்பீடு. எச்.ஐ.வி., காசநோய், மலேரியா மூன்றும் சேர்ந்து கொல்வதைவிட இது அதிகம். இந்த எண்ணை எடுத்துச் சொல்கிறவர்கள் ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். இவர்கள் அறுவைச் சிகிச்சைக்குப் 'பின்' இறந்தவர்கள். அறுவைச் சிகிச்சை'யால்' இறந்தவர்கள் என்று அதற்குப் பொருள் கிடையாது. குடல் வெடித்து வந்தவரைக் கீறாமல் விட்டிருந்தால் அவர் அன்றே போயிருப்பார். 'பின்' எது, 'ஆல்' எது என்று பிரிக்கத்தான், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மரணங்களையும் சிக்கல்களையும் எண்ணும் இந்தத் துறையில் பாதி உழைப்பு போகிறது.

எண்ணும் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

முதலில் பின்னத்தின் கீழ் எண், அதாவது மொத்தம் எத்தனை பேர். தியேட்டர் பதிவேட்டில் ஒரு எண், வார்டு பதிவேட்டில் ஒரு எண், கணினியில் மூன்றாவதாக ஒரு எண் இருக்கும். தேதி கொடுத்து ரத்தானவை கணினியில் அப்படியே கிடக்கும். இரண்டாம் முறை தியேட்டருக்குப் போன நோயாளி இரண்டு வரிகளாக இருப்பார். எண்ண வேண்டியது நோயாளிகளை. முதல் ஆபரேஷனின் தேதியே அவருக்குப் பூஜ்ஜியமாம் நாள். இரண்டாவது ஆபரேஷன் அவருக்கு நேர்ந்த சிக்கலாகப் பதிவாக வேண்டும், புதிய நோயாளியாக அல்ல. முன்கூட்டித் திட்டமிட்டதையும் அவசரத்தில் செய்ததையும் முதல் நாளிலிருந்தே தனித்தனி வரிசையில் வையுங்கள். இரண்டையும் கலந்து எடுத்த சராசரி எதற்கும் உதவாது.

அடுத்தது மேல் எண். மருத்துவமனையில் நடந்த மரணங்களை மட்டும் எண்ணினால், விஷன் கணக்குப்படி பத்தில் மூன்று விட்டுப்போகும். நோயாளிகளைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் மருத்துவமனைக்கு இதனால் நல்ல பெயர் வேறு கிடைக்கும். அதனால் 30ஆம் நாள் தொலைபேசியில் கேட்டே ஆக வேண்டும். சேரும்போதே இரண்டு எண்கள் வாங்கி வைக்க வேண்டும். ஒன்று நோயாளியோடு ஒரே வீட்டில் இல்லாதவருடையதாக இருப்பது நல்லது. தொடர்பு கிடைக்காதவரை 'உயிரோடு இருக்கிறார்' என்று எழுதுவது இந்தத் துறையின் மிகப் பழைய பொய். 1000 பேரில் 10 மரணம் தெரிகிறது, 100 பேரிடம் பேசவே முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். தெரிந்த 900 பேருக்குள் மட்டும் பார்த்தால் 1.1. அந்த 100 பேரும் இறந்திருந்தால் 11. உண்மை இந்த இடைவெளியில் எங்கோ இருக்கிறது. பேச முடியாமல் போனதற்கே மரணம் காரணமாக இருக்கலாம் என்பதால், அது கீழ் முனையில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை பேரிடம் பேச முடியவில்லை என்பதை மரண விகிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

30 நாள் என்பது வசதிக்கு வைத்துக்கொண்ட எல்லைக்கோடு. கணையம், கல்லீரல், உணவுக்குழாய் போன்ற பெரிய ஆபரேஷன்களுக்கு இது போதாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை ஐந்தாறு வாரம் தாங்கிப்பிடிக்க இன்று முடியும். 34ஆம் நாள் அவர் இறந்தால் கணக்கில் 'பிழைத்தவர்' ஆகிவிடுவார். இவற்றுக்கு 90 நாள் வரை பார்ப்பதே சரி. 90 நாளோடும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் எட்டு வகை ஆபரேஷன் செய்துகொண்ட 1,05,951 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2005இல் வந்தது. முதல் 30 நாளில் ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், 69 சதவீதம் குறைந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்பிருந்த நோய்களைவிட, பின்னால் வந்த சிக்கலே நீண்டகால ஆயுளை அதிகம் தீர்மானித்தது.

வீட்டுக்குப் போனவரைத் தேடிப்போய்க் கேட்கும் யோசனை இன்று நேற்று வந்ததில்லை. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதி வைக்க வேண்டும் என்றார். கேட்பார் இல்லை. 1914இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பணியிலிருந்து விலகினார். தன் சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேரின் கணக்கில் 123 தவறுகளைத் தானே பட்டியலிட்டு வெளியிட்டார். மூன்று பேருக்கு ஒன்றுக்கு மேல். இன்றும் எந்த மருத்துவமனையாவது இப்படித் தன் பெயரிலேயே அச்சிட்டு நீட்டுமா என்று யோசித்தால், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

மரணமாவது இருக்கிறது அல்லது இல்லை. சிக்கலுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. தையல் ஓரம் சிவந்திருப்பதை ஒருவர் தொற்று என்று எழுதுவார். சீழ் வடிந்தால்தான் தொற்று என்பார் இன்னொருவர். இதற்குத்தான் கிளேவியன்–டிண்டோ அளவுகோல். 1992இல் முதல் வடிவம், 2004இல் 6336 நோயாளிகளிடம் சோதித்த திருத்திய வடிவம். அதன் அடிப்படை எளிது: சிக்கலுக்கு என்ன பெயர் என்று கேட்காதே, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டி வந்தது என்று கேள்.

ஒரே வயிற்றுக் காயத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். படுக்கையிலேயே இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினால் முதல் நிலை. ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டி வந்தால் இரண்டாம் நிலை. ரத்தம் ஏற்றினாலும் இதே நிலைதான். உள்ளே சீழ்கட்டி இருந்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஸ்கேன் பார்த்தபடி குழாய் போட்டால் மூன்று அ. முழு மயக்கம் கொடுத்து மறுபடி தியேட்டருக்குப் போனால் மூன்று ஆ. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனால் நான்கு அ. அதோடு வென்டிலேட்டரும் வேண்டியிருந்தால், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தால், நான்கு ஆ. மரணம் ஐந்து.

பயன்படுத்தும்போது சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் தடுப்பு ஆன்டிபயாடிக் இரண்டாம் நிலை ஆகாது. பெரிய ஆபரேஷனுக்குப் பின் ஓர் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பது முன்பே திட்டமிட்டது என்றால் அது நான்காம் நிலை ஆகாது. இவற்றைப் பயிற்சியில் திருத்திவிடலாம். திருத்த முடியாத குறை ஒன்றும் உண்டு. செய்த சிகிச்சையை வைத்தே அளவு போடுவதால், சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் அளவே பொய் சொல்லும். தீவிர சிகிச்சைப் படுக்கை இல்லாத மருத்துவமனையில் அதே நோயாளி இரண்டாம் நிலையிலேயே இருப்பார், பிறகு நேராக ஐந்துக்குத் தாவுவார். இடையில் மூன்றும் நான்கும் வெறுமையாக இருக்கும் ஒரு பட்டியலைப் பார்த்தால், அங்கே சிக்கல் குறைவு என்று படிக்காதீர்கள்.

தேடுகிறவருக்குத்தான் கிடைக்கும் என்பது இன்னொரு பொறி. காலில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனையில் ரத்தக்கட்டு 'அதிகம்' இருக்கும். இதயத்தசை சேதமும் அப்படித்தான். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மூன்று நாள், இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பரிசோதிக்காவிட்டால் அந்தச் சேதத்தில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாது. வலி மருந்தில் இருப்பவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லமாட்டார். ஆனால் விஷன் ஆய்வில் மரணங்களோடு மிக அதிகம் தொடர்புடையவையாகத் தெரிந்த மூன்று சிக்கல்களில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டு, பெரிய ரத்தப்போக்கும் ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றும். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 45 சதவீத மரணங்களுக்குப் பொறுப்பு.

இனி வருவதுதான் இந்தத் துறை கண்டுபிடித்தவற்றில் மிக முக்கியமானது என்பது என் கருத்து. சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைத் தனியே கணக்கிட வேண்டும் என்று 1992இல் ஜெஃப்ரி சில்பரும் அவருடைய குழுவினரும் முன்வைத்தார்கள். மீட்கத் தவறிய விகிதம் என்று அதைச் சொல்லலாம். 2009இல் காஃபெரி, பிர்க்மேயர், டிமிக் மூவரும் 84,730 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, மருத்துவமனைகளை மரண விகிதப்படி ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். மிகக் குறைவான குழுவில் மரணம் 3.5 சதவீதம், மிக அதிகமான குழுவில் 6.9. ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிக்கல்களும் இரண்டு மடங்கு இருக்கும் என்றுதானே நினைப்போம்? மரணம் குறைந்த குழுவில் ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் 26.9 சதவீதம், அதிகமான குழுவில் 24.6. பெரிய சிக்கல்கள் மட்டும் 16.2, 18.2. பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. பெரிய சிக்கல் வந்தபின் இறந்தவர்களை எடுத்துக்கொண்டால் மரணம் குறைந்த குழுவில் 12.5, அதிகமான குழுவில் 21.4.

கத்தி பிடித்த கை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் பிறகு வரும் நான்கைந்து இரவுகளில்தான் இரண்டும் பிரிகின்றன.

குடலை வெட்டி இணைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இணைப்பு கசிவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வெளிப்படும். தொடக்கத்தில் வயிறு கல்லாக இறுகாது. நான்காம் நாள் இரவு மூச்சு நிமிடத்துக்கு 22, நாடி 112, காய்ச்சல் 38.2 டிகிரி. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆக்சிஜன் 96, அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. வலி, கொஞ்சம் நீர் குறைவு, காலையில் பார்க்கலாம் என்று தோன்றும். நியூஸ் 2 என்ற எச்சரிக்கை மதிப்பெண்ணில் போட்டுப் பாருங்கள்: மூச்சுக்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 5. உடனே மருத்துவர் வந்து பார்க்க வேண்டிய எல்லை அது. 7 வந்தால் அவசர நிலைக் குழு. முதியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அதற்கு மட்டுமே 3.

இந்த மதிப்பெண் தோற்பது ஒரே ஒரு இடத்தில் கவனமின்மையால்: மூச்சை எண்ணுவது. முழு ஒரு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். நடைமுறையில் பல வார்டுகளின் அட்டையில் ஆளுக்கெல்லாம் 18 அல்லது 20 என்று நிற்கும். ஒரு வார்டின் தரத்தை ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் அந்த ஒரு வரிசையைத்தான் பார்ப்பேன். பத்து நோயாளிகளுக்கும் ஒரே எண் இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று பொருள்.

உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் பரிசோதனையும் கைகொடுக்கும். குடல் இணைப்புக்குப் பின் மூன்றாம் நாள் லிட்டருக்கு 172 மில்லிகிராம், நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்ற எல்லைகளுக்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்பது 97 சதவீதம் சரியாக இருக்கிறது. தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. எல்லைக்கு மேல் போனவர்களில் பெரும்பாலோருக்குக் கசிவு இருக்காது. இது வீட்டுக்கு அனுப்பலாமா என்பதற்கான பரிசோதனை. மறுபடி வயிற்றைத் திறக்கலாமா என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கண்டுபிடித்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் வேண்டும். 28 ஐரோப்பிய நாடுகளில் 46,539 பேரைப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், இறந்தவர்களில் 73 சதவீதம் பேர் ஆபரேஷனுக்குப் பின் ஒரு கட்டத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனதே இல்லை. 25 ஆப்பிரிக்க நாடுகளில் 11,422 பேரைப் பார்த்து 2018இல் வந்த ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயது 38.5தான், மரணமோ 2.1 சதவீதம், உலகச் சராசரியைப் போல் இரு மடங்கு. இளையவர்கள், பெரிய நோய் இல்லாதவர்கள். இறந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஆபரேஷன் நாள் தாண்டிய பிறகே இறந்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் வலி தரும் எண் இது.

சரி, ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? உலகச் சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது மரணம் 1.5இலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. அது 2009. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதே பட்டியல் கட்டாயமானது. 2014இல் வந்த கணக்கில் மரணம் பட்டியலுக்கு முன் 0.71 சதவீதம், பின் 0.65. புள்ளிவிவரப்படி மாற்றம் இல்லை. ஏற்கெனவே மரணம் குறைந்த இடம், முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதமே பார்த்தார்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்தான். இருந்தாலும் பட்டியலில் டிக் போடுவதும், கீறலுக்கு முன் எல்லோரும் கையை நிறுத்தி ஆன்டிபயாடிக் போய்ச் சேர்ந்ததா என்று வாய்விட்டுக் கேட்பதும் வேறுவேறு. ஆய்வுத்தாளில் இரண்டும் ஒரே டிக்காகத்தான் தெரியும்.

மருத்துவமனைகளை ஒப்பிடுவதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சிறிய எண்களை நம்பக் கூடாது. நூறு ஆபரேஷனில் ஒரு மரணமும் இல்லை என்று ஒருவர் சொன்னால், 3ஐ 100ஆல் வகுங்கள்: உண்மை விகிதம் 3 சதவீதம் வரை இருந்தாலும் இப்படி ஒரு நூறு வாய்க்கலாம். 2 சதவீத மரண விகிதம் உள்ளவருக்கும், நூறு பேரில் ஒருவரும் இறக்காமல் போக 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒற்றை மருத்துவரின் ஓராண்டுக் கணக்கை வைத்து அவரைத் தூக்குவதும் இறக்குவதும் அநியாயம். இரண்டாவது, யாருக்குச் செய்தார் என்று பார்க்க வேண்டும். வயது, அவசரமா இல்லையா, உடல்நிலைத் தரம், ஆபரேஷனின் அளவு, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு ஆகியவற்றைக் கொண்டு எதிர்பார்க்கும் மரணம் எவ்வளவு என்று கணக்கிட்டு, நடந்த மரணத்தை அதனால் வகுக்க வேண்டும். 8 எதிர்பார்த்து 6 நடந்தால் 0.75. இதில் ஆல்புமினை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் ஆய்வில் 30 நாள் மரணத்தை முன்கூட்டிச் சொன்ன அளவுகளில் அதுதான் மிக வலுவாக நின்றது, விலையோ மலிவு.

மரணங்களை அலசும் மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு மரணத்துக்கும், மூன்றாம் நிலைக்கு மேற்பட்ட ஒவ்வொரு சிக்கலுக்கும் ஐந்து நேரங்களை எழுதினால் போதும்: முதல் மாறுதல் அட்டையில் பதிவான நேரம், அதை ஒருவர் சிக்கல் என்று உணர்ந்த நேரம், மூத்த மருத்துவருக்குச் சொன்ன நேரம், உறுதிசெய்யும் பரிசோதனை முடிந்த நேரம், சிகிச்சை தொடங்கிய நேரம். நடுவில் நான்கு இடைவெளிகள். யார் தவறு என்று தொடங்கும் கூட்டத்தில் அடுத்த மாதத்திலிருந்து அட்டைகள் அழகாகிவிடும், உண்மை போய்விடும். எந்த இடைவெளி நீண்டது என்று கேட்டால், இரவு இரண்டு மணிக்கு மூத்தவரை எழுப்பப் பயந்த இளைய மருத்துவரும் வாய் திறப்பார். அந்த இரண்டாவது இடைவெளிதான் பல நேரம் மிக நீளமாக இருக்கும்.

வீட்டுக்குப் போன பிறகு நடப்பதற்கு வார்டைப் போல ஓர் அட்டை கிடையாது. பெரிய ஆபரேஷனுக்குப் பின் காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டு வரும் ஆபத்து மூன்றாம் வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது, 12 வாரம் வரை நீடிக்கிறது. காயத் தொற்றை 30 நாள் வரை, செயற்கை மூட்டு போன்றவை உள்ளே வைத்திருந்தால் 90 நாள் வரை தேட வேண்டும். அதனால் தொலைபேசியில் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு வைத்துவிடக் கூடாது. கேள்விகள் குறிப்பாக இருக்க வேண்டும். காயத்திலிருந்து ஏதாவது வடிந்ததா, என்ன நிறம்? யாராவது தையலைப் பிரித்தார்களா? புதிதாக ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்களா? ஒரு கால் மட்டும் வீங்கியதா, மூச்சு வாங்கியதா? வேறு மருத்துவமனையில் ஒரு இரவாவது தங்கினீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். சிக்கல் வந்தவர்களில் பலரும் ஆபரேஷன் செய்த இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறொன்றுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அவர்கள் புது நோயாளி, இங்கே அவர்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்த ஒரு வரி.